உள்ளங்கைத் திரையில் படித்த விளையாட்டுப் புத்தகம்

கண்ணு,

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். உன் பெயரும் நித்யாவின் பெயரும் அடுத்தடுத்து அச்சில் இருப்பதைப் பார்க்க மனசு நிறைந்துதான் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன், நீயும் ஒரு சிரிக்கும் பொம்மை போட்டாய். ஆனால் நான் சொல்ல நினைப்பது அந்த அளவுக்குள் அடங்காது. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா எப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி "சாப்பிட்டாரு, தூங்கினாரு" என்று யாரோ மூன்றாம் மனுசரைப் போலப் பேசுவதை நான் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். டப்ளினில் இப்போது மழையும் குளிருமாக இருக்கும். டீ போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

உன் அப்பாவின் குரல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பனியன் துணி பின்னுகிற வட்ட நிட்டிங் மெஷின்கள் வரிசையாக ஓடும் கூடங்களில் காலமெல்லாம் ஃபிட்டராக வேலை பார்த்தவர். ஊசி ஒடிந்தாலும் துணியில் கோடு விழுந்தாலும் எந்தக் கம்பெனியிலிருந்தாவது போன் வரும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தும் அதே தொண்டையில்தான் பேசுவார். "ஏனுங்க, ஊட்டுக்குள்ள மெஷின் ஓடலீங்க" என்று நான் சொன்னால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பார். பேக்கரி வாசலில் அவர் நின்று பேசினால் நாலு பேர் டீ ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்ட மனுசருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து, வலது கையை விடவும் அதிகமாகப் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டு போனது. நினைவு தெளிவாக இருந்தது, நாம் பேசுவது அத்தனையும் புரிந்தது. சொல்ல வேண்டிய வார்த்தை மட்டும் வாய்க்கு வராது. தண்ணீர் வேண்டும் என்று நினைப்பார், "சாவி" என்று வரும். தப்பாக வந்தது அவருக்கே தெரியும். அதுதான் கொடுமை.

நீ பறந்து வந்தாய். இருந்த லீவு முழுக்க ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாய். அதை நானும் அவரும் மறக்கவில்லை. அவர் வாயைத் திறந்தவுடனே நீ, "தண்ணியாப்பா? ஃபேன் போடணுமாப்பா? சாஞ்சுக்கறீங்களாப்பா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவாய். நீ மட்டும் இல்லை, நானும் அப்படித்தான், உன் மாமாவும் அப்படித்தான். பிரியத்தில் செய்தோம். ஆனால் கொஞ்ச நாளில் நான் ஒன்றைக் கவனித்தேன். நாம் தப்பாகச் சொன்னாலும் அவர் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். விட்டால் போதும் என்று. நீ ஊருக்குப் போன பிறகு, வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டார். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வாழைப்பழம், குடை, சீப்பு என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டிச் சொல்லச் சொல்வாள். நல்ல பெண், பொறுமைசாலி. ஒரு நாள் அவர் அந்த அட்டைகளை இடது கையால் மெதுவாக ஒதுக்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் வெளியே வந்து, "அவருக்குப் பேசணும்னு தோணற மாதிரி ஏதாவது வேணுங்கம்மா. வாழைப்பழத்தைப் பத்தி அவரு என்னங்க பேசுவாரு?" என்றாள். நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிற இரண்டு பேருக்குப் புதிதாகப் பேச என்ன இருக்கிறது?

நீ போகும்போது உன் பெட்டியில் வைக்க மறந்துவிட்ட அந்தக் கறுப்பு சிலேட்டு அலமாரியில் கிடந்தது. புத்தகம் படிக்கிற கருவி. போனில் சொன்னபோது, "நீங்களே வெச்சுக்கங்கம்மா, நாவல் இருக்கு, படிங்க" என்றாய். ஒரு நாள் அதைத் திறந்தேன். நாவல் இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம், நீ காலேஜில் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு மாடி அறையில் விளையாடுவாயே, அந்த விளையாட்டின் விதிப் புத்தகங்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. டீ எடுத்துக்கொண்டு மேலே வருவேன். பாயில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தன், "நான் கோட்டைச் சுவர்ல ஏறிக் குதிக்கறேன்" என்பான். பகடையை உருட்டுவான். மற்றவர்கள் "விழுந்துட்டடா!" என்று கத்துவீர்கள். யாரும் இடத்தைவிட்டு அசைந்திருக்க மாட்டீர்கள். இதில் அப்படி என்ன இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். இப்போது நேரம் இருந்தது. என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

பார்ப்பதே பெரிய வேலையாக இருந்தது, கண்ணு. உள்ளங்கை அகலத் திரை. அந்தப் புத்தகங்களோ பெரிய தாளுக்கென்று செய்த பிடிஎஃப். பக்கத்தை நெடுக்காகப் பிரித்து இரண்டு பத்தி, நடுவே படம், ஓரத்தில் பெட்டி கட்டிய குறிப்பு. முழுப் பக்கத்தையும் காட்டினால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. விரலால் விரித்தால் திரை ஒரு தடவை கறுத்து, வெளுத்து, கொஞ்சம் யோசித்து, நான் கேட்காத மூலையைக் காட்டும். ஒரு புத்தகத்தில் தாள் பழசாகத் தெரிய வேண்டும் என்று பின்னால் ஏதோ நிறம் பூசியிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைத் திரையில் அது அழுக்குச் சாம்பலாகி எழுத்தையே விழுங்கிவிட்டது. டிராகன் படம் என்று கீழே போட்டிருந்த இடத்தில் கிரீஸ் துடைத்த துணி மாதிரி ஒரு கறைதான் தெரிந்தது. எழுத்தை மட்டும் பெரிதாக்குகிற வசதி ஒன்று இருந்தது. ஆசையாக அதை அமுக்கினேன். கட்டம் போட்ட பட்டியல்கள் எல்லாம் சரிந்து, ஒரு கத்தியின் விலையும் ஒரு குதிரையின் வேகமும் ஒரே வரியில் வந்து ஒட்டிக்கொண்டன.

ஆனால் விடவில்லை. பனியன் கம்பெனி சாம்பிள் செக்‌ஷனில் இருந்த காலத்தில் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்புகிற அளவுப் பட்டியல்களைச் சின்ன போனில் பார்த்துப் பார்த்து டி-ஷர்ட் தைக்க வைத்தவள் அல்லவா நான். அங்கே படித்த இங்கிலீஷ்தான் இங்கேயும் கைகொடுத்தது. கருவியைப் படுக்கை வசமாகத் திருப்பினேன். ஓரத்து வெள்ளையை வெட்டிவிடுகிற வசதியைத் தேடிக் கண்டுபிடித்தேன். இடது பத்தியை மேலிருந்து கீழே படித்து, மறுபடி மேலே ஏறி, வலது பத்திக்குப் போனேன். நடுவில் "வேறொரு பக்கத்தைப் பார்க்க" என்று வரும். அங்கே போய்த் திரும்புவதற்குள் எதற்காகப் போனோம் என்பது மறந்துபோகும். அப்புறம் ஒரு நாள் ஒரு சின்னப் புத்தகம் கண்ணில் பட்டது. பாக்கெட்டில் வைக்கிற அளவுக்கென்றே செய்தது, ஒரே பத்தி, பின்னால் சாயம் கிடையாது. திறந்தவுடன் எழுத்து பளிச்சென்று நின்றது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. காலை வெயிலில் மொட்டை மாடியில் அப்பாவை நடக்க வைப்பேன். அவர் நடப்பார், நான் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து படிப்பேன். போன் திரையில் வெயிலில் ஒன்றும் தெரியாது. இது காகிதம் மாதிரி வெயில் பட்டால்தான் இன்னும் நன்றாகத் தெரிகிறது. கண்ணும் வலிப்பதில்லை.

விளையாட்டு இவ்வளவுதான் என்று அந்தப் புத்தகம் சொன்னது. ஒருவர் இடத்தையும் நடப்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. பிறகு ஒரு விதி இருந்தது. ஒருவருடைய ஆள் என்ன செய்கிறான், என்ன பேசுகிறான் என்பதை அவர் மட்டும்தான் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அவருக்காகச் சொல்லக் கூடாது, யோசிக்கிறவருக்கு நேரம் கொடுங்கள் என்று. பக்கத்தைத் திருப்பாமல் அந்த விதியை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அப்பா ஒரு சுற்று முடித்துவிட்டு என் எதிரில் வந்து நின்று, என்ன என்பது போலப் பார்த்தார். "விளையாடலாமுங்களா?" என்று கேட்டேன்.

உன் பழைய லூடோ பெட்டியில் பகடை இருந்தது. புத்தகத்தில் இருந்த கோட்டையும் பாதாளச் சிறையும் எனக்குச் சரிப்படவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஊரை வைத்துக்கொள்ளுங்கள் என்று அதுவே சொல்லியிருந்தது. அதனால் உடுமலைப்பேட்டைப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு ஊரில், எல்லாக் காற்றாலைகளும் ஒரே நாளில் நின்றுவிட்டன, காற்றை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஆரம்பித்தேன். யாராக இருக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். வீரன், வைத்தியன், திருடன் என்று புத்தகத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். வைத்தியன் என்பார் என்று நினைத்தேன். வாயில் வார்த்தையைத் தேடினார். தேடட்டும் என்று நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "திரு...டன்" என்றார். கம்பெனியிலிருந்து ஒரு ஊசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுசர்! பேர் என்னவென்று கேட்டதற்கு, இந்தத் தடவை அவ்வளவு தேடாமல், "ராசா" என்றார்.

முதல் நாட்களில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. "போறேன்", "பாக்கறேன்", "தொறக்கறேன்" என்று ஒற்றை வார்த்தைதான். ஆனால் அது தானாக வந்த வார்த்தை. தண்ணீரோ மாத்திரையோ கேட்கிற வார்த்தை இல்லை. தப்பாக வந்தாலும் விளையாட்டில் குறை இல்லை. ஒரு நாள் "ஏணி" என்று நினைத்து "ஆடு" என்று சொல்லிவிட்டார். சரி என்று ராசாவின் கையில் ஒரு ஆட்டைக் கொடுத்துவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஆடு அதற்குப் பிறகு வெகு தூரம் எங்களோடு வந்தது.

பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் புஷ்பத்தை நீ பார்த்திருக்கிறாய். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள், பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, மீன் குழம்பு கொண்டுவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "எக்கா, இது என்ன, தாயமா?" என்றாள். சொன்னேன். "அப்ப நானும் வாரேன். நான் சண்டை போடுதவ. யாரையாவது அடிக்கணும்போல இருக்கு எனக்கு" என்று பாயில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வந்ததும் விளையாட்டுக்குக் கலகலப்பு வந்தது. ஆனால் அப்பா வாயைத் திறந்தால் போதும், "அண்ணாச்சி சாவியக் கேக்காவ! அண்ணாச்சி ஒளியப் போறாவ!" என்று இவள் முந்திக்கொள்வாள். நான் கருவியில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து அவளுக்குத் தமிழில் சொன்னேன். "அப்படியா எழுதிருக்கு?" என்று கேட்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவருடைய முறை வரும்போதெல்லாம் அப்படித்தான் உட்காருவாள்.

இப்போது சொல்லப் போவதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். காற்றை அடைத்து வைத்திருக்கிற குகைக்கு ராசா வந்து சேர்ந்துவிட்டான். வாசலில் ஒரு காவல்காரன், ஆள் மலை மாதிரி. புஷ்பத்தின் சண்டைக்காரி கால் பிசகி விழுந்து கிடக்கிறாள், உதவிக்கு வர முடியாது. காவல்காரன், "யாரு நீ? இங்க என்ன வேலை?" என்று கேட்கிறான். "ராசா என்னங்க பண்றான்?" என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பா பகடையை எடுத்தார், கீழே வைத்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. கீழே தெருவில் வெள்ளைப்பூண்டு விற்கிற வண்டி ஒலிபெருக்கியோடு வந்து, நின்று, போயும்விட்டது. புஷ்பம் தலைப்பைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கும் உதவ வேண்டும் போலத்தான் இருந்தது. ஓடறானுங்களா, ஒளியறானுங்களா என்று கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அவர், "பொய்... சொல்றேன்" என்றார்.

"என்ன பொய்யிங்க?"

மறுபடி ஒரு நீண்ட நேரம். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. "நான்... ஃபிட்டரு. மெஷின்... நின்னுபோச்சுன்னு... போன் வந்துச்சு. பாக்க... வந்தேன்."

புஷ்பம் தலைப்பை எடுத்துவிட்டு, "அண்ணாச்சி!" என்று கத்தினாள். அவருக்கே ஆச்சரியம். தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் பகடையை உருட்டச் சொல்லவில்லை. காவல்காரன் அதை நம்பிவிட்டான், கதவைத் திறந்து விட்டான் என்று சொல்லிவிட்டு, டீ வைக்கப் போகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். பக்கவாதம் வந்த பிறகு அவர் சொன்ன முதல் முழு வாக்கியம், கண்ணு. காலமெல்லாம் எந்தக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினாலும் அவர் சொல்லிவந்த அதே வாக்கியம்.

விளையாட்டு அவரைக் குணமாக்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை, பயிற்சி, அந்தப் பெண்ணின் பொறுமை, அவருடைய பிடிவாதம், எல்லாம்தான். இன்றைக்கும் பேர்கள் மாறுகின்றன. களைப்பாக இருக்கிற நாளில் ஒன்றும் வராது. ஆனால் பேசலாம் என்கிற நினைப்பு அவருக்குத் திரும்பி வந்துவிட்டது. உன் விளையாட்டை விளையாடுகிறோம் என்று மட்டும் உன்னிடம் போனில் சொன்னபோது, "அம்மா, நீங்க அந்த ரூல் புக்கையா படிச்சீங்க? அந்தச் சின்ன ஸ்கிரீன்லயா? அதுல எனக்கே படிக்க முடியாதேம்மா!" என்று சிரித்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அடுத்த வாரமே காங்கேயத்தில் பெண் வீட்டில் கல்யாணத்தை உறுதி பேசப் போகிற விஷயம் வந்தபோது நீ என்ன சொன்னாய் என்பதை நினைத்துப் பார். "எனக்கு லீவு கிடைக்கலைம்மா. மாமாவையே பேசச் சொல்லிருங்க. அப்பாவை அத்தனை பேர் முன்னாடி சிரமப்படுத்த வேண்டாம்." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு மாலை பகடையை எடுத்து வைத்தபோது, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அடுத்த நாளும் ஆட்டினார். புஷ்பம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

நான் உன் மாமாவிடம் போனில் பேசினேன். "அவரு பேசறதா இருந்தா பேசட்டும். இல்லீன்னா நீ பேசு. ஆனா முதல்ல அவரு மூஞ்சியப் பார்த்துட்டு ஆரம்பி" என்றேன். அவன், "அதுக்கென்னக்கா, மாமாதானே பெரியவரு" என்றான். அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உறுதிக்கு மாற்றிக்கொள்ளும் உப்பும் சக்கரையும், கூடவே பழமும் தட்டில் எடுத்துக்கொண்டு காங்கேயம் போனோம். வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

உனக்கு மாமனாராகப் போகிறவர் எண்ணெய் மில் நடத்துகிறவர், எல்லாவற்றிலும் சுறுசுறுப்பு. உட்கார்ந்தவுடன் பலகாரம், காபி, நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்து, "அப்புறமுங்க, பேச வேண்டியதப் பேசிரலாமுங்களா?" என்றார். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். உன் மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அப்பா இடது கையை அவன் தொடையில் வைத்து அழுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க... பையனுக்கு..." என்றார். அங்கேயே நின்றுவிட்டது. யாரோ ஒருவர் டம்ளரைக் கீழே வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. அப்பாவுக்கு நெற்றி வியர்த்தது. "எங்க பையனுக்கு... உங்க..." மறுபடி நின்றது. உன் மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனுசர்தான். "புரியுதுங்க, எங்க பொண்ணக் கேக்கறீங்க. சிரமப்பட வேண்டாமுங்க, நாங்க குடுக்க..." என்று ஆரம்பித்துவிட்டார். அப்பாவின் தோள் தளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பையனைப் பெற்ற அம்மா நான், பெண் வீட்டுக்காரரை அத்தனை பேர் நடுவே எப்படி நிறுத்துவது?

உள்ளறை வாசலில் புதுப் புடவையோடு நின்றுகொண்டிருந்த நித்யாதான் பேசினாள். சத்தமாகக்கூட இல்லை. "அப்பா, மாமா பேசி முடிக்கட்டுமுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தாள். உன் மாமனார் சட்டென்று நிறுத்தி, "ஆமாங்க, தப்புத்தானுங்க, நீங்க சொல்லுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டார். அப்பா நித்யாவை ஒரு தடவை பார்த்தார். அவசரப்படவில்லை. மூச்சை இழுத்து விட்டார். "எங்க பையனுக்கு... உங்க பொண்ண... கேட்டு... வந்திருக்கறோமுங்க. மகளா... பாத்துக்குவோம்" என்றார். கடைசி வார்த்தையில் அவருடைய பழைய குரல் இருந்தது, கண்ணு. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிற அந்தக் குரல். எண்ணெய் மில்காரர் எழுந்து வந்து அப்பாவின் வலது கையை, அந்த வலுவில்லாத கையை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது வண்டியில் அப்பா வாய் மூடவில்லை. பாதி வார்த்தை மாறித்தான் வந்தது. காற்றாலையைப் பார்த்து ஒட்டகம் என்றார். யாரும் திருத்தவில்லை.

இவ்வளவையும் எதற்கு எழுதுகிறேன் என்றால், நீ அங்கே இல்லை, உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. உன் மேல் வருத்தம் துளியும் இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கு அவசரம் அதிகமாகத்தான் இருக்கும். அரை மணி நேரப் போனில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் இனிமேல் அப்பாவோடு பேசும்போது கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இரு. போனில் சத்தமே வராமல் இருந்தால் லைன் போய்விட்டது என்று நினைக்காதே. அவர் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கிறார். நித்யா விஷயத்திலும் அப்படியே. கல்யாணமான புதிதில் நாலு பேர் வந்து அவளிடம் ஏதாவது கேட்பார்கள். வேலைக்குப் போவாயா, எங்கே குடித்தனம், காரம் ஆகுமா என்று. அவளுக்காக நீ பதில் சொல்லிவிடாதே. தெரிந்த பதிலாகவே இருந்தாலும் அவள் வாயிலிருந்து வரட்டும். அவள் உன்னிடம் கோபமாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், எங்கே வந்து முடியும் என்று ஊகித்துக்கொண்டு நடுவிலேயே சமாதானம் சொல்லாதே. கடைசிவரை கேள். பல நேரம் நாம் நினைத்த இடத்தில் அது முடியாது. அந்தக் குகை வாசலில் ராசா ஓடுவான் என்றுதானே நானும் நினைத்தேன்.

சம்பாதிப்பது, வீடு வாங்குவது பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உனக்கே தெரியும். விளையாடுவதை மட்டும் விட்டுவிடாதே. கல்யாணமாகிவிட்டது, இனி என்ன விளையாட்டு என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பக்கத்துப் போர்ஷன் அக்காவும் விளையாடுகிறார்கள் என்று சொல். நீ வரும்போது நல்ல பகடை வாங்கிக்கொண்டு வா. லூடோ பகடையில் புள்ளிகள் அழிந்துபோய் நாலுக்கும் ஐந்துக்கும் தினமும் தகராறு. உன் கருவியைத் திருப்பித் தரமாட்டேன், உனக்கு வேறு வாங்கிக்கொள். பெரிய புத்தகம் ஒன்றை இப்போது வரிவரியாக ஊர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பாதிகூட வரவில்லை. அவசரமும் இல்லை.

எழுதியதை எல்லாம் அப்பாவுக்கு இப்போதுதான் படித்துக் காட்டினேன். காங்கேயம் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆடு வந்த இடத்தில் சிரித்தார். "பையனுக்கு நீங்க என்ன சொல்றீங்க? கடைசியில எழுதிடறேன்" என்றேன். யோசித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பால்காரர் வந்துவிட்டுப் போனார். நான் போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பால் பொங்கியதும் இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அப்போதுதான் சொன்னார். சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நெறைய... இருக்குது. வந்து... உக்காரு."

உன் அம்மா